நூலகத்தைப் பூட்டிய பிறகும் மீட்டர் ஓடுவது ஏன்? யாரும் படிக்காத நேரத்து கரண்டைக் கணக்கிடுவது எப்படி?

பவானியை ஒட்டிய ஊராட்சிக்கோட்டையில் காவிரியின் குறுக்கே ஒரு கதவணை மின்நிலையம் இருக்கிறது. தலா 15 மெகாவாட் திறனில் இரண்டு இயந்திரங்கள். மேட்டூரில் திறந்துவிடும் தண்ணீர் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி என ஒவ்வொரு கதவணையாகக் கடந்து, இங்கேயும் கரண்ட் கொடுத்துவிட்டுத்தான் கூடுதுறைக்கு வந்து சேர்கிறது.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யூனிட் கணக்கும் புதிதல்ல. பவானி, குமாரபாளையம், ஈரோடு வட்டாரத்தில் விசைத்தறி வைத்திருப்பவரிடம் கேட்டால், இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம், அதற்கு மேல் போனால் எவ்வளவு என்று மனப்பாடமாகச் சொல்வார். 750 யூனிட்டாக இருந்த இந்தச் சலுகை 2023-ல்தான் 1,000 ஆனது. தறி ஓடினால் துணி, நின்றால் நஷ்டம் என்பதால் மீட்டர் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும்.

ஆனால் அதே தெருவில் இருக்கும் நூலகத்தின் மீட்டரை யாராவது பார்த்திருப்போமா? அங்கே மாதம் எத்தனை யூனிட் ஓடுகிறது, அதில் படிப்பவருக்காக ஓடியது எவ்வளவு, பூட்டிய கட்டடத்துக்குள் சும்மா ஓடியது எவ்வளவு? இதைத் தெரிந்துகொள்ள இன்ஜினீயரிங் டிகிரி வேண்டாம். ஒரு செல்போன் ஸ்டாப் வாட்ச் போதும்.

நூலகத்துக்குள் இத்தனை மிஷினா?

இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசி விதியாக நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்றார். புத்தகம், வாசகர், ஊழியர் மூன்றும் பெருகும் என்பது அவர் சொன்ன பொருள். அவர் காலத்துக்குப் பிறகு நான்காவதாக ஒன்றும் பெருகிவிட்டது. அதுதான் மின்சாதனங்கள்.

முன்பெல்லாம் கிளை நூலகம் என்றால் நாலு டியூப் லைட், நாலு ஃபேன். இப்போது கம்ப்யூட்டர், யுபிஎஸ், பிரிண்டர், ஜெராக்ஸ் மிஷின், பார்கோடு ஸ்கேனர், வைஃபை ரூட்டர், சிசிடிவி, தண்ணீர் சுத்திகரிப்பு மிஷின், சில இடங்களில் ஏசி. டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, நீட் என்று படிக்க வருபவர்கள் நாள் முழுக்க உட்கார்கிறார்கள். நகராட்சிகளில் புதிதாகக் கட்டப்படும் 'நூலகம் மற்றும் அறிவுசார் மையங்கள்' இவர்களை மனதில் வைத்தே கட்டப்படுகின்றன. புத்தகம் கரண்ட் சாப்பிடாது. புத்தகத்தைத் தேட உதவும் கம்ப்யூட்டர் சாப்பிடும்.

பில் கட்டுவது யார்?

ஒரு வகையில் நாம்தான். இந்தியாவில் மாநில அளவில் நவீன பொது நூலகச் சட்டத்துக்கு வழிகாட்டியது 1948-ல் வந்த சென்னை பொது நூலகச் சட்டம். அதன்படிதான் இன்றும் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலாகிறது. சொத்து வரி ஒரு ரூபாய் என்றால் நூலக வரி 10 பைசா. உள்ளாட்சிகள் வசூலித்துக் கொடுக்கும் இந்தப் பணம்தான் மாவட்ட நூலக ஆணைக்குழுக்களின் அடிப்படை வருமானம்.

அதனால் நூலகத்தில் வீணாகும் யூனிட்டை 'அரசாங்கத்து கரண்ட்' என்று தள்ளிவிட முடியாது. பவானியில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவர் காசும் அதில் இருக்கிறது. புத்தகம் வாங்க, நாற்காலி சரிசெய்ய, கழிப்பறை பராமரிக்க என எதற்கும் பணம் போதாத இடத்தில், யாருக்கும் பயன்படாத யூனிட்டுக்குப் போகும் பணம் உறுத்தத்தான் செய்யும்.

ஆஃப் பண்ணியும் ஓடுமா?

"ஏங்க, போகும்போது கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டுத்தானே போறோம்?" என்று யாரும் கேட்பார்கள். ஆஃப் பண்ணுவது வேறு, சுவிட்சை அணைப்பது வேறு. ரிமோட்டில் டிவியை நிறுத்தினாலும் சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறதல்லவா, அதே கதைதான். மறுபடி உடனே எழுந்திருக்கத் தயாராக, மிஷின் உள்ளே கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். இதற்குப் பெயர் ஸ்டாண்ட்பை மின்சாரம்.

இது உலகம் முழுக்க இருக்கும் பிரச்னை. 1999-ல் சர்வதேச எரிசக்தி முகமை 'ஒரு வாட் திட்டம்' என்று ஒன்றை முன்வைத்தது. எந்தச் சாதனமும் ஸ்டாண்ட்பையில் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது இலக்கு. ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாக்கி, 2013 முதல் பெரும்பாலான வீட்டு, அலுவலகச் சாதனங்களுக்கு அரை வாட் என்று வரம்பை இறுக்கியது. அதனால் புதிதாக வரும் மிஷின்களில் இந்தக் கசிவு குறைவு. பத்துப் பதினைந்து வருடமாக உழைக்கும் பழைய மிஷின்களில்தான் அதிகம்.

ஸ்டாண்ட்பையைவிட மோசமான ஒன்றும் உண்டு. அது அணைக்காமலே விட்டுவிட்டுப் போவது. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் வேலை நேரம் முடிந்த பிறகு அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் அணைக்கப்படாமல்தான் கிடந்தன. கண்ணுக்கு முன்னால் ஸ்கிரீன் இருட்டாக இருந்தால் மிஷினும் தூங்குகிறது என்று நினைத்துவிடுகிறோம். ஸ்கிரீன் சேவர் ஓடும் கம்ப்யூட்டர் தூங்கவே இல்லை.

168 மணி நேரக் கணக்கு

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை வாரவிடுமுறை. மற்ற ஆறு நாளும் தினம் எட்டு மணி நேரம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்திருக்கும் நேரம் 48 மணி. பூட்டியிருக்கும் நேரம் 120 மணி. அதாவது, வாரத்தில் பத்தில் ஏழு பங்கு நேரம் உள்ளே ஆளே இல்லை.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு யூனிட் என்பது 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் மின்சாரம். நடுத்தரமான ஒரு நூலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஐந்து கம்ப்யூட்டர்கள் அணைக்கப்படாமல் சும்மா இருக்கின்றன. ஒன்றுக்கு 50 வாட் என்றால் மொத்தம் 250 வாட். 120 மணி நேரத்துக்கு 30 யூனிட். யுபிஎஸ் 30 வாட் எடுத்தால் 3.6 யூனிட். தயார் நிலையில் நிற்கும் ஜெராக்ஸ் மிஷின் 40 வாட் என்றால் 4.8 யூனிட். குளிர்ந்த தண்ணீர் தரும் வாட்டர் கூலர் விட்டு விட்டு ஓடி, சராசரியாக 60 வாட் எடுத்தால் 7.2 யூனிட். கூட்டினால் 45.6 யூனிட்.

அதே நூலகத்தில் 75 வாட் ஃபேன்கள் 12 இருந்து, திறந்திருக்கும் 48 மணி நேரமும் நிற்காமல் சுற்றினால் 43.2 யூனிட்.

வாரம் முழுக்க வாசகர்கள் தலைக்கு மேல் சுற்றும் மொத்த ஃபேன்களும் எடுக்கும் கரண்டைவிட, யாருமே இல்லாத நேரத்தில் நாலு வகை மிஷின்கள் எடுப்பது அதிகம். 'கரண்ட் பில் ஜாஸ்தி' என்றதும் முதலில் அணைக்கப்படுவது பெரும்பாலும் ஃபேன்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

வருடத்துக்கு இந்த 45.6 யூனிட் சுமார் 2,370 யூனிட் ஆகிறது. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 19,000 ரூபாய். 200 ரூபாய் விலையுள்ள புத்தகங்கள் 90-க்கு மேல் வாங்கலாம். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவுக்கு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அந்தக் கணக்கில் ஒன்றரை டன்னைத் தாண்டும். தமிழகத்தில் 4,500-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் கம்ப்யூட்டரும் கூலரும் இல்லை. இருக்கும் இடங்களை மட்டும் எடுத்தாலும் தொகை சின்னதாக இருக்காது.

இது மாதிரிக் கணக்குதான். உங்கள் ஊர் நூலகத்தில் எண்கள் மாறும். அதனால்தான் அளக்க வேண்டும்.

மீட்டரில் மின்னும் சின்ன விளக்கு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் மொத்த யூனிட் மட்டும் இருக்கும். எந்த மிஷின் எவ்வளவு எடுத்தது, பகலில் எவ்வளவு, ராத்திரி எவ்வளவு என்பது தெரியாது. அதற்கு மீட்டரிடமே கேட்கலாம்.

டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். மீட்டரின் முகப்பிலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று எழுதியிருக்கும். பல மீட்டர்களில் இது 3,200. சிலவற்றில் 1,600 அல்லது வேறு எண் இருக்கலாம். 3,200 என்றால், நிமிடத்துக்கு ஒருமுறை மின்னினால் உள்ளே சுமார் 19 வாட் ஓடுகிறது என்று அர்த்தம். நிமிடத்துக்கு எட்டு முறை என்றால் 150 வாட்.

மாலையில் எல்லோரும் கிளம்பி, விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்த பிறகு, பூட்டுவதற்கு முன் மீட்டர் முன்னால் ஐந்து நிமிடம் நின்று எண்ண வேண்டும். எண்ணிக்கையை ஐந்தால் வகுத்தால் நிமிடக் கணக்கு கிடைத்துவிடும். மேலே பார்த்த மாதிரி நூலகத்தில் ரூட்டர், சிசிடிவிக்கு 40 வாட் சேர்த்தால் மொத்தம் 420 வாட். விளக்கு நிமிடத்துக்கு 22 முறை மின்னும். வீண் மிஷின்களையெல்லாம் நிறுத்திவிட்டால் இரண்டு முறைதான் மின்னும். கூலர், ஏசி போன்ற கம்ப்ரசர் சாதனங்கள் விட்டு விட்டு ஓடுவதால், அவை இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று தடவை எண்ணிச் சராசரி எடுப்பது நல்லது.

இதற்கு இன்னொரு வழி, மாலையில் பூட்டும்போதும் காலையில் திறக்கும்போதும் மீட்டர் ரீடிங்கைப் போனில் படம் எடுத்து வைப்பது. ஒரு வாரம் செய்தால் போதும். வியாழன் மாலைக்கும் சனி காலைக்கும் இடையில் எத்தனை யூனிட் நகர்ந்தது என்பது வாரவிடுமுறையின் உண்மைக் கணக்கு.

எந்த மிஷின் என்று கண்டுபிடிப்பது

மொத்தம் தெரிந்துவிட்டது. யார் காரணம் என்று தெரிய, பிளக்கில் செருகும் பவர் மீட்டர் என்று ஒரு கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. சுவரில் உள்ள பிளக்கில் இதைச் செருகி, இதில் மிஷினைச் செருகினால் வாட், யூனிட் இரண்டையும் காட்டும். மாவட்டத்துக்கு ஒன்றிரண்டு வாங்கி, நூலகம் நூலகமாகச் சுற்றுக்கு விட்டாலே போதும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்த நேரத்து வாட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். லேசர் பிரிண்டரும் ஜெராக்ஸ் மிஷினும் மையைக் காகிதத்தில் உருக்கி ஒட்ட உள்ளே ஓர் உருளையைச் சூடாக்குகின்றன. அச்சடிக்கும் அந்தச் சில நொடிகளில் பல நூறு வாட் காட்டும். அதைப் பார்த்து 'இதுதான் திருடன்' என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு நாளைக்கு இருபது பக்கம் அச்சடிப்பதற்கு ஆகும் கரண்டைவிட, மீதி நேரம் சூடாகக் காத்திருப்பதற்கு ஆவது அதிகமாக இருக்கலாம். ஒவ்வொரு மிஷினையும் ஒரு முழு நாள், முடிந்தால் விடுமுறை நாள் உட்பட ஒரு வாரம் அளந்தால்தான் உண்மை தெரியும்.

எதை நிறுத்தலாம், எதைத் தொடக் கூடாது?

கம்ப்யூட்டர்: பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை அணையவும், அரை மணி நேரத்தில் முழுதாகத் தூங்கவும் செட்டிங்கிலேயே வைத்துவிடலாம். செலவில்லை. மாலையில் ஷட் டவுன் செய்து, பிளக் சுவிட்சையும் அணைக்க வேண்டும். நம் ஊரில் ஒவ்வொரு பிளக்குக்கும் பக்கத்திலேயே சுவிட்ச் இருப்பது ஒரு வசதி. 'அடிக்கடி ஆஃப் பண்ணினால் கெட்டுப்போகும்' என்ற பயம் இன்றைய கம்ப்யூட்டர்களுக்குத் தேவையில்லை.

யுபிஎஸ்: இதில் வரிசை முக்கியம். முதலில் யுபிஎஸ்ஸின் பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டு, அதன்பிறகு சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும். நேராகச் சுவர் சுவிட்சை அணைத்தால் கரண்ட் போய்விட்டதாக நினைத்து, பேட்டரி தீரும் வரை ஓடிவிடும். காலையில் திறந்தவுடன் போட்டால் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொள்ளும். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டுவதும் தவறு. அந்தச் சூட்டு இழுவையை அது தாங்காது.

ஜெராக்ஸ், பிரிண்டர்: தூங்கும் நேரத்தைக் குறைத்து வையுங்கள். பல மிஷின்களில் இதற்கென்று செட்டிங் இருக்கும்.

வாட்டர் கூலர்: பூட்டும்போது நிறுத்தி, திறக்கும்போது போட்டால் வாசகர் வருவதற்குள் தண்ணீர் குளிர்ந்துவிடும்.

தொடக் கூடாதவையும் உண்டு. சிசிடிவி, தீ எச்சரிக்கைக் கருவி, பெரிய நூலகங்களில் சர்வர் ஆகியவை எப்போதும் ஓடத்தான் வேண்டும். எந்த சுவிட்ச் எது என்று தெரியாமல் மெயினையே அணைத்துவிட்டுப் போவது சேமிப்பில் சேராது. பச்சை ஸ்டிக்கர் என்றால் தினமும் அணைக்க வேண்டியது, சிவப்பு என்றால் தொடக் கூடாதது என்று சுவிட்ச் மேல் ஒட்டிவிட்டால் யார் பூட்டினாலும் குழப்பம் வராது.

பழைய சுவடிகள், அரிய நூல்கள் வைத்திருக்கும் அறை தனிக் கதை. ஓலைச்சுவடிக்கும் பழைய காகிதத்துக்கும் வெப்பமும் ஈரப்பதமும் ஏறி ஏறி இறங்குவதுதான் பெரிய எதிரி. அங்கே ராத்திரி ஏசியை நிறுத்தி மிச்சம் பிடிப்பது நூலுக்கே ஆபத்தாகலாம். ஆனால் ஃப்ரிட்ஜ் மாதிரி வைத்திருக்க வேண்டியதும் இல்லை. உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் சேர்ந்த பைசாட் குழு, பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி வரை, ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் வரை என்று வரம்பைத் தளர்த்தியிருக்கிறது. காரணம், மின்சாரச் சேமிப்புதான்.

வாசகரின் ஃபேனில் கை வைக்கலாமா?

வைக்கலாம், நிறுத்துவதற்கு அல்ல. மாற்றுவதற்கு. 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் போட்டால் அதே காற்று, பாதிக்கும் குறைவான கரண்ட். சீலிங் ஃபேன்களுக்கு 2023 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டது. வாங்கும்போது ஸ்டிக்கரைப் பார்த்தாலே தெரியும். பழைய சோக் வைத்த டியூப் லைட் ஒன்று 50 வாட்டைத் தொடும். அதே வெளிச்சத்துக்கு 20 வாட் எல்இடி போதும். ஏசி இருந்தால் 24 டிகிரி வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 முதல் விற்கும் ஏசிகள் முதலில் 24 டிகிரியில்தான் ஆன் ஆகும்.

ஆனால் இதற்கெல்லாம் பணம் வேண்டும், டெண்டர் வேண்டும், நாள் ஆகும். ராத்திரி மிஷின்களை அணைக்க எதுவும் வேண்டாம். அதனால் வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: முதலில் ஆளில்லாத நேரம், அடுத்து ஃபேன், லைட் மாற்றம், கடைசியில் புது மிஷின்.

கட்டடம் பச்சை என்றால் போதுமா?

2010 செப்டம்பர் 15-ல் சென்னை கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், பசுமைக் கட்டடங்களுக்கான 'லீட்' தங்கச் சான்று பெற்றது. ஆசியாவில் இந்தச் சான்று பெற்ற முதல் நூலகக் கட்டடம் என்று குறிப்பிடப்படுகிறது. 2023-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. கோவையில் பெரியார் பெயரிலான நூலகம், அறிவியல் மையத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. கொங்குப் பக்கமும் பெரிய நூலகங்களின் காலம் வந்துவிட்டது.

நல்ல வடிவமைப்பு வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே கொண்டுவரும். உள்ளே வைக்கும் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை ராத்திரி அணைப்பது கட்டடத்தின் வேலை இல்லை. அது பூட்டிவிட்டுப் போகும் ஆளின் வேலை. லட்சக்கணக்கான சதுர அடியில் அந்தப் பழக்கத்துக்கு மதிப்பு இன்னும் கூடும்.

மிச்சமானதா என்று எப்படித் தெரியும்?

இங்கேதான் பலர் தப்புக் கணக்கு போடுவார்கள். மார்ச்–ஏப்ரல் பில்லையும் நவம்பர்–டிசம்பர் பில்லையும் ஒப்பிட்டால் மிச்சமானது மாதிரியே தெரியும். ஈரோடு மாவட்டத்து வெயிலில் ஃபேன் எவ்வளவு ஓடும் என்பது ஊருக்கே தெரியும். போன வருடம் அதே மாதங்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று, மொத்த யூனிட் குறைவதை மட்டும் வெற்றியாகக் காட்டக் கூடாது. நூலகத்தை ஒரு மணி நேரம் முன்னதாகப் பூட்டினாலும் பில் குறையும். வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் மட்டும் படிக்க வருபவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நூலகமே. அதனால் 'திறந்திருந்த ஒரு மணி நேரத்துக்கு எத்தனை யூனிட்' என்று கணக்கு வைப்பதுதான் நியாயம். மொத்த யூனிட்டைத் திறந்திருந்த மணி நேரத்தால் வகுத்தால் வந்துவிடும். இந்த எண் குறைந்தால், வாசகரிடமிருந்து எதையும் பிடுங்காமல் மிச்சம் பிடித்திருக்கிறோம் என்று நம்பலாம்.

இதை நூலகர் ஒருவர் தலையில் கட்டுவதும் சரியில்லை. பல கிளை நூலகங்களில் புத்தகம் கொடுப்பது, வாங்குவது, பதிவு, பூட்டுவது எல்லாமே ஒன்றிரண்டு பேர்தான். நூலக வாசகர் வட்டத்தில் இருப்பவர்கள், தினமும் படிக்க வரும் மாணவர்கள் ஒரு வாரத்துக்கு மீட்டர் கணக்கை எடுத்துக் கொடுக்கலாம். நூலகரின் அனுமதியோடு, எதையும் கழற்றாமல், பார்த்து எழுதினால் போதும். அந்த ஒரு பக்கத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், கடைசியாக எழுந்து போகிறவர் கம்ப்யூட்டர் சுவிட்சையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவார்.